கிளைவ் கல்யாணம் மட்டும்தானா?

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் போயிருக்கிறீர்களா? தலைமைச் செயலகத்தில் மனு கொடுக்க, மச்சான் டிரான்ஸ்ஃபருக்கு சிபாரிசு பிடிக்க என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக உங்களில் பலர் போயிருப்பீர்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வெள்ளை சர்ச் நிற்கிறது. அதற்குள் போனவர்கள் எத்தனை பேர்?

பெயர் செயின்ட் மேரீஸ். 1678 மார்ச் 25, மாதா திருநாள் அன்று வேலை ஆரம்பித்தார்கள். அதனால் அந்தப் பெயர். 1680 அக்டோபர் 28 அன்று திறந்தார்கள். கம்பெனி கஜானாவிலிருந்து எடுக்காமல், கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களிடம் வசூல் செய்து கட்டிய கட்டடம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரை. கடற்காற்றையும் யுத்தத்தையும் தாங்கிக்கொண்டு முன்னூற்று நாற்பது வருடங்களுக்கு மேல் நிற்கிறது.

இந்த சர்ச்சைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு கல்யாணங்களைச் சொல்வார்கள். ஒன்று, 1753ல் நடந்த ராபர்ட் கிளைவ் கல்யாணம். இன்னொன்று, 1680 நவம்பரில் நடந்த எலிஹு யேல் கல்யாணம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். சர்ச் திறந்து ஒரு வாரத்துக்குள் நடந்த முதல் கல்யாணம் அது. கைடு புத்தகம் இதைச் சொல்லும், பத்திரிகைக் கட்டுரை இதைச் சொல்லும், ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் டே வந்தால் மேடைக்கு மேடை இதைச் சொல்வார்கள். கேட்டுவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நாமும் கிளம்பிவிடுவோம்.

சரி, மற்றவர்கள் எங்கே?

ஒரு சர்ச்சில் மூன்று வகைப் பதிவேடுகள் இருக்கும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். பிறந்தால் ஒரு வரி, கட்டிக்கொண்டால் ஒரு வரி, செத்தால் ஒரு வரி. நூற்றாண்டுக் கணக்கில் எழுதிக்கொண்டே போனால் எத்தனை ஆயிரம் வரிகள் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையிலும் நமக்கு இரண்டே இரண்டு வரிகளைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் இரண்டு எண்ட்ரியை மட்டும் காட்டிவிட்டு ‘ஆடிட் முடிந்தது’ என்றால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

இந்தப் பதிவேடுகளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சர்ச்சைச் சுற்றித் தரையில் பழைய கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்களே, அவை அங்கே பிறந்த கற்கள் இல்லை. அந்தக் காலத்து இடுகாடு, பின்னாளில் சட்டக் கல்லூரி வந்த இடத்தில் இருந்தது. 1758-59ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளின் பின்னால் மறைந்துகொண்டு சுட்டார்கள். யுத்தம் முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் கல்லறைகளை இடித்துவிட்டுக் கற்களை மட்டும் கொண்டுவந்து சர்ச் வாசலில் பதித்தார்கள். 1652ல் இறந்துபோன ஒரு ஆங்கிலேயப் பெண்மணியின் கல்கூட அங்கே இருக்கிறது. இந்தக் கற்களில் எழுதியிருப்பதையெல்லாம் ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி 1905லேயே தொகுத்துப் புத்தகமாகப் போட்டுவிட்டார்.

ஆனால் கல்லுக்குக் காசு வேண்டும். கவர்னருக்குக் கல் உண்டு, வியாபாரிக்குக் கல் உண்டு. காலராவில் செத்த சிப்பாய்க்கு ஏது கல்? பிறந்த மாதமே போய்விட்ட குழந்தைக்கு ஏது கல்? அவர்களுக்கெல்லாம் புத்தகத்தில் ஒரு வரிதான். அந்த வரியும் போனால், அப்படி ஒரு ஜீவன் இந்த ஊரில் இருந்ததற்கு வேறு சாட்சியே கிடையாது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். எதற்கும் ஒரு டூப்ளிகேட் வைத்துக்கொள்வான். மெட்ராஸில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எழுதி லண்டனுக்கு அனுப்ப வேண்டும். அந்த மெட்ராஸ் நகல் வரிசை 1698ல் ஆரம்பிக்கிறது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 2014ல் அந்த நூலகமும் ஒரு தனியார் வம்சாவளி இணையதளமும் சேர்ந்து, பிரிட்டிஷ் இந்தியா சம்பந்தப்பட்ட சுமார் 25 லட்சம் பதிவுகளை இணையத்தில் ஏற்றினார்கள். மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்க சந்தா கட்ட வேண்டும்.

ஆக, லிவர்பூலில் இருக்கும் ஒருவர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கிரெடிட் கார்டைத் தட்டி, மெட்ராஸில் செத்த தன் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்துவிடலாம். பெரம்பூரிலோ வேப்பேரியிலோ பரங்கிமலையிலோ இருக்கிற ஆங்கிலோ இந்தியக் குடும்பம் என்ன செய்யும்? இந்த சர்ச் 1715ல் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு தர்மப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பள்ளியின் ஆதி அதுதான். அங்கே படிக்கும் பிள்ளை தன் ஊர்ப் பக்கத்தைப் பார்க்க லண்டனுக்குச் சந்தா கட்ட வேண்டுமா?

‘அதுதான் நகல் இருக்கிறதே, சென்னையில் எதற்கு இன்னொரு ஏற்பாடு?’ என்று நீங்கள் கேட்கலாம். மூன்று காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம், நகல் என்பது நகல்தான். கையால் பார்த்து எழுதும்போது பெயர் மாறும், வரி விட்டுப்போகும். அதோடு சர்ச் திறந்தது 1680ல், லண்டன் வரிசை தொடங்குவது 1698ல். நடுவில் பதினெட்டு வருடம் இருக்கிறது.

இரண்டாவது, பெட்டியை ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று 2023 அக்டோபரில் பார்த்தோம். பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்களை யாரோ ஹேக் செய்து பணம் கேட்டார்கள். மாதக் கணக்கில் அதன் இணையச் சேவைகள் படுத்துவிட்டன. உலகத்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்றுக்கே அந்தக் கதி.

மூன்றாவதுதான் முக்கியம். இணையத்தில் எப்படித் தேடுவீர்கள்? பெயரைத் தட்டித்தான். பெயரே எழுதப்படாதவர்களை எதைத் தட்டித் தேடுவது?

கல்கத்தாவுக்கு அஸ்திவாரம் போட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689ல் ஞானஸ்நானம் நடந்தது இந்த சர்ச்சில்தான். மகள்களின் பெயர்கள் தெரியும்: மேரி, எலிசபெத், கேத்தரின். அவர்களைப் பெற்றவள் ஒரு இந்தியப் பெண். உடன்கட்டை ஏறப் போனவளை சார்னாக் காப்பாற்றினார் என்று கதை கதையாக எழுதியிருக்கிறார்கள். கதை இருக்கிறது. அவளுடைய சொந்தப் பெயர் மட்டும் இன்றுவரை உறுதியாக யாருக்கும் தெரியாது.

இது ஒருத்தியின் கதை இல்லை. கம்பெனிக் காலக் குடும்பங்களைப் பற்றி டர்பா கோஷ் என்ற ஆராய்ச்சியாளர் 2006ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெரும்பாலும் வங்காளத்து ஆவணங்களை வைத்து எழுதியது. அதில் அவர் காட்டுவது இதைத்தான்: அப்பன் பெயர் முழுசாக இருக்கும், பதவியோடு இருக்கும். அம்மா? ‘சுதேசிப் பெண்’ என்று ஒரு குறிப்பு. அல்லது பாதிப் பெயர். அல்லது ஒன்றுமே இல்லை. பெற்று வளர்த்தவளுக்கு அந்த ஒரு வரியில்கூட இடம் கொடுக்க மனசு வரவில்லை.

அப்படியே பெயர் எழுதியிருந்தாலும், எழுதியது யார் காது? திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்றும் தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் கேட்ட காது! நம் ஊர்ப் பெண்ணின் பெயர் அந்தக் காதுக்குள் போய்ப் பேனா வழியாக வெளியே வரும்போது என்ன பாடு பட்டிருக்கும்? அந்த எழுத்தைப் பார்த்து, ‘இது முனியம்மாவாக இருக்கும், இது தாயம்மாவாக இருக்கும்’ என்று ஊகிக்க லண்டன் கம்ப்யூட்டரால் ஆகாது. ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் பிறந்து வளர்ந்த ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டினால் முடியும். ஆவணத்தைத் திறப்பது என்றால் ஸ்கேன் செய்து ஏற்றிவிடுவதோடு முடிவதில்லை. ஊர்க்காரர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். கூட்டாகப் படிக்க வேண்டும்.

‘சர்ச் சொத்தைத் திற என்று சொல்ல நீ யார்?’ என்று சிலருக்குக் கோபம் வரும். 1872ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 79வது பிரிவைப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். திருமணப் பதிவேட்டை வைத்திருக்கும் பாதிரியார், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, நியாயமான நேரங்களில் அதில் தேட அனுமதிக்க வேண்டும், நகலும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். 1753ஆம் வருடப் புத்தகத்துக்கு இது பொருந்துமா என்று வக்கீல்கள் சண்டை போடட்டும். ஆனால் ‘இது பூட்டி வைக்கிற சமாசாரம் இல்லை’ என்று வெள்ளைக்காரன் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

இன்னொன்றும் பாருங்கள். இந்தப் பாரம்பரியம் எங்கிருந்து வந்ததோ அந்த இங்கிலாந்துத் திருச்சபை 1978ல் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. பழைய பதிவேடுகளை சர்ச் அலமாரியில் வைத்துக்கொண்டிருக்காமல், அந்தந்த வட்டாரத்துக்கென்று குறிக்கப்பட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். விசேஷ அனுமதி வாங்கினால்தான் விதிவிலக்கு. அங்கே விவசாயியின் பேரனும் போய் உட்கார்ந்து தன் பாட்டன் பெயரைத் தேடுகிறான். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

நம் ஊரில் 1947ல் சி.எஸ்.ஐ. உருவாகி முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. எழும்பூரில் ஓர் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. இரண்டு தரப்பும் மனசு வைத்தால் செய்யக் கூடாதா என்ன?

இதுவரைக்கும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிட வேண்டியதுதானே’ என்று கிளம்பிவிடாதீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஞானஸ்நானப் பதிவேடு நம் நாட்டில் வெறும் வம்சாவளி விளையாட்டுச் சாமான் இல்லை. 1950ஆம் வருட ஜனாதிபதி உத்தரவின்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. சேரியில் இருக்கிறவன் சர்ச்சுக்குப் போனாலும் சேரியில்தான் இருக்கிறான். ஆனால் சர்டிபிகேட் போய்விடும். 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், ஒரு பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையாக இருந்தபோது நடந்த ஞானஸ்நானமும் அங்கே ஆதாரமாக நின்றது.

இப்போது புரிகிறதா? எந்தச் சடங்கு நடந்தது என்றே அறியாத வயதில் எழுதப்பட்ட ஒரு வரி, முப்பது வருடம் கழித்து வேலையைப் பறிக்கும். அந்த உத்தரவு நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கட்சி. அது மாறும்வரை, உயிரோடு இருக்கிறவர்களின் ஞானஸ்நானப் பக்கங்களைக் கண்ட கண்ட ஆளும் புரட்டும்படி விடுவது பாவம். பக்கத்து வீட்டுக்காரன் மொட்டைப் பெட்டிஷன் போட அதைவிட வசதி வேண்டாம்.

ஆகவே ஒரு கோடு கிழிக்கலாம். நூறு வருடத்துக்கு முந்தையது எல்லோருக்கும். அதற்குப் பிந்தைய ஞானஸ்நானப் பக்கம், சம்பந்தப்பட்டவருக்கும் அவர் வாரிசுக்கும் மட்டும். செத்தவர்களைத் திறந்து காட்டலாம், இருக்கிறவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

‘பழைய காகிதம், தொட்டால் உதிரும்’ என்பது அடுத்த சமாதானம். உண்மைதான். அதனால்தான் ஸ்கேன் செய்யச் சொல்கிறேன். ஒருமுறை ஒழுங்காகப் படம் எடுத்துவிட்டால், மூலத்தை இருட்டறையில் நிம்மதியாகத் தூங்கவிடலாம். பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். கரையானிடம் சாவி கேட்டுப் பாருங்கள், அதற்குத் தேவையே இல்லை.

‘யாருக்கு சார் இதெல்லாம் வேணும்?’ என்பதுதான் கடைசிக் கேள்வி, நம் ஊரின் தேசியக் கேள்வி. யார் கேட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பதற்கு முன், அப்படி ஒன்று இருப்பதை யாருக்குச் சொன்னோம் என்று பார்க்க வேண்டாமா? இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்?

பெரிய செலவில்லாமல் ஆரம்பிக்கக்கூடிய நான்கு காரியங்கள் இருக்கின்றன. இந்த ஒரு சர்ச்சுக்கு மட்டும் சொல்லவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர், பாளையங்கோட்டை என்று பழைய பதிவேடு வைத்திருக்கும் எல்லா ஊருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்று, என்னென்ன புத்தகம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை இருக்கிறது என்று ஒரு பட்டியல், தமிழில், வாசலில். இரண்டு, நூறு வருடத்துக்கு முந்தைய பக்கங்களின் படம், சென்னையிலேயே ஒரு பொது நூலகத்தில், இலவசமாக. மூன்று, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பழைய கையெழுத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள். நான்கு, கண்ணாடிப் பெட்டியில் ஏதாவது பக்கத்தைக் காட்சிக்கு வைப்பதானால், மாதா மாதம் வேறு பக்கம்.

அந்த வேறு பக்கங்களில் கிளைவ் இருக்க மாட்டார். காய்ச்சலில் போன ஒரு சிப்பாய், பெயர் வைக்கும் முன்பே போன ஒரு குழந்தை, பெயரே எழுதப்படாத ஓர் அம்மா, இவர்கள்தான் இருப்பார்கள். இந்த ஊரின் பெரும்பான்மை அவர்கள்தானே?