சேதுக் காசு

யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதே ஒரு சுகம். ஒரு முகத்தில் நிற்கும் உருவம், மறுமுகத்தில் கால் மடித்துப் படுத்த நந்தி, அதன் கீழே தமிழில் ‘சேது’. கையால் அடித்த காசு என்பதால் சிலவற்றில் அச்சு விலகி, எழுத்துப் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். எனக்கு அவைதான் கூடப் பிடிக்கும். அடித்தவனின் கை அதில் தெரிகிறது. பூதக்கண்ணாடியைவிட வெயில் நல்ல துணை. காசை மெல்லச் சரித்தால் தேய்ந்த திமில் நிழலோடு எழுந்து வரும். காசின் அருமை தெரிந்தவர் குத்துவிளக்கைப் போல இதைப் புளி போட்டுத் தேய்க்கமாட்டார், எழுத்தும் சேர்ந்து போய்விடும். எண்ணெயில் ஊறவிட்டு, பனை ஈர்க்கினால் மண்ணை மட்டும் நெருடி எடுப்பார். செம்பில் ஏறிய பச்சை அப்படியே இருக்கும். ஒரு காசுக்கே சில வேளை வாரக்கணக்கில் செல்லும்.