ஒரு உலை, பல இலை

ஜென்டூ லினக்ஸில் மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொள்வதே மரபு. குரோமியம் மாதிரியான பூதம் சாதாரணக் கணினியில் பல மணிநேரத்தை விழுங்கிவிடும். ஐந்து மெய்நிகர் கணினிகள் என்றால் ஐந்து முறையா? ஒன்றில் தொகுத்துப் பொதியாக்கி மற்றவற்றுக்கு வழங்கும் ‘பின்ஹோஸ்ட்’ ஏற்பாடு, ஒரே உலையில் வடித்துப் பல இலைகளில் பரிமாறுகிற கெட்டிக்காரத்தனம்.

பரிமாறுவதிலும் பக்குவம் வேண்டும். தொகுப்பியிடம் ‘நேட்டிவ்’ என்று சொல்லிவிட்டால், தான் ஓடும் செயலியின் கட்டளைகளையெல்லாம் தாராளமாக எடுத்தாளும். அவற்றில் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளும் இருந்தால், அவை இல்லாத செயலியில் அந்த நிரல் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று பொத்தென விழும். எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான இலக்கை வைப்பதே விவேகம்.

2023 டிசம்பர் இறுதியில் ஜென்டூவே ஆயத்தப் பொதிகளைப் பரவலாக வழங்கத் தொடங்கியது. (தூய்மைவாதிகள் மன்னிக்க!) எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று நாம் வைத்த ‘யூஸ்’ தெரிவுகளோடு பொதி பொருந்தாவிட்டால், ஜென்டூவின் பொதி மேலாளரான போர்ட்டேஜ் அதை ஒதுக்கிவிட்டு மூலநிரலையே தேடிப்போகும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.