1,011 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

இந்திய வெளியுறவுத் துறை பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு ஒப்பீடு கூடவே வந்துவிடும். இவ்வளவு பெரிய நாட்டுக்கு சிங்கப்பூர் அளவுக்குத்தான் தூதரக அதிகாரிகள் இருக்காங்களாம். கேட்டதும் பகீர் என்கிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 மார்ச்சில் தந்த அறிக்கையில் கணக்கு இருக்கிறது. எல்லாப் பிரிவுகளும் சேர்த்து 4,888 பேர். அதில் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் 1,011. மீதிப் பேர் யார்? ‘பி’ பிரிவு அலுவலர்கள், சுருக்கெழுத்தர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஒப்பந்தச் சட்டப் பிரிவினர். அந்த ஒப்பீட்டைச் சொல்பவர்கள் இந்த 3,800 சொச்சம் பேரை ஓசையில்லாமல் கழித்துவிடுகிறார்கள். நம்ம பக்கம் மேல்தட்டு மட்டும், எதிர்ப் பக்கம் மொத்த ஊழியர்களும் என்று வைத்தால் என்ன கணக்கு அது?

அதற்காக ஆள் பற்றாக்குறை பொய் என்று சொல்ல வரவில்லை. அந்த 1,011 பேரில் வெளிநாடுகளில் இருப்பவர்கள் 667. டெல்லித் தலைமையகத்தில் 334 பேர், 57 பிரிவுகளுக்கு. (கூட்டிப் பார்த்தால் பத்து பேர் குறையும்.) தூதரகங்களும் துணைத் தூதரகங்களுமாகச் சுமார் 200 இடங்கள். சராசரியாக ஓர் இடத்துக்கு மூன்று பேருக்குச் சற்று மேல்தான் தேறும். வாஷிங்டன், பீஜிங் மாதிரி இடங்களுக்கு நிறையப் பேர் தேவை என்பதால் சின்ன ஊர்களின் கதி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம்.

அடுத்து பணம். 2023-24இல் அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 18,050 கோடி, மொத்த பட்ஜெட்டில் 0.4 சதவீதம். குறைவான நிதி பெறும் அமைச்சகங்களில் இதுவும் ஒன்று என்று குழு வருத்தப்படுகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு அறிக்கையோடு உடன்பாடில்லை. சதவீதத்தை ஏற்றிவிட்டால் மட்டும் ஆள் வந்துவிடுமா? 2025-26 ஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்ளுங்க. 20,516 கோடியில் 5,483 கோடி வெளிநாடுகளுக்கான உதவி, அதிலும் பூடானுக்கு மட்டும் 2,150 கோடி. நீர்மின் திட்டங்களுக்குக் கொடுப்பது தப்பில்லை, அதுவும் ராஜதந்திரம்தான். ஆனால் ஒதுக்கீடு நாளைக்கே இரட்டிப்பானாலும் ரியாத் தூதரகத்தில் ஒரு நாற்காலிகூடக் கூடாமல் போகலாம். ஆளெடுப்பு வேறு பாதை. பல ஆண்டுகள் தேர்வு வழியாக முப்பது, நாற்பது பேரைத்தான் எடுத்தார்கள். எடுத்தவருக்குப் பயிற்சி, அப்புறம் ஒரு வெளிநாட்டு மொழி. முழுப் பொறுப்பு ஏற்க வருஷங்கள் ஆகும். தொண்ணூறுகளில் எடுக்காமல் விட்டவர்களை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்க முடியாது.

இன்னொரு விஷயம் பட்ஜெட் விவாதத்தில் அடிபடுவதே அபூர்வம். வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல் தூதரகப் படியேறும் தொழிலாளி முதலில் பார்ப்பது அந்த 1,011இல் ஒருவரை அல்ல, பெரும்பாலும் ‘பி’ பிரிவு அலுவலரையோ உள்ளூரில் அமர்த்திய எழுத்தரையோதான். அவருக்கு விமான டிக்கெட், தங்குமிடம் என்று செலவழிப்பது 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து. அந்த நிதி பெரும்பாலும் தூதரகச் சேவைகள் மேல் வசூலிக்கும் சிறு கட்டணத்தில் சேருவது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அதே தொழிலாளி கட்டிய பணமும் அதில் இருக்கும்.