ஓடிப்போனவர்களா, நாடிழந்தவர்களா?

சொல் ஒன்று விலங்காகும். சொல் ஒன்றே அவ்விலங்கை அறுக்கும் அரமும் ஆகும். ஒகையோ மாநிலத்தின் சார்பில் அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்து அடிமை முறையை எதிர்த்து முழங்கிய ஜோஷுவா கிடிங்ஸ், 1858-இல் வெளியிட்ட 'புளோரிடாவின் நாடிழந்தோர்' என்னும் பொருள்படும் நூல் இதற்குச் சான்று.

பண்ணைகளினின்று தப்பி, ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த புளோரிடாவை அடைந்து, செமினோல் மக்களின் அரவணைப்பில் உழுதுண்டு வாழ்ந்தனர் கறுப்பின மக்கள். 'ஓடிப்போன அடிமைகள்' என்றன ஆள்வோரின் ஏடுகள். 'நாடிழந்தோர்' என்றார் கிடிங்ஸ். ஓடிப்போனது உடைமையெனில், பிடித்துவருவது உரிமையாகிவிடும். நாடிழந்தவர் மனிதரெனில், பிடிக்க வருவோன் கொள்ளைக்காரனன்றோ!

அக்கொள்ளைக்கு அரசே துணை நின்றதை நூல் அம்பலமாக்குகிறது. 1816 ஜூலை 27 அன்று அப்பலாச்சிகோலா ஆற்றங்கரைக் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கில் அமெரிக்கப் படகின் காய்ச்சிய குண்டு பாய்ந்தது. பெண்டிரும் பிள்ளைகளும் கருகி மாண்டனர். 1835 முதல் 1842 வரை நடந்த போரையும், கறுப்பரைக் குறித்த போரே அது எனத் தளபதி ஜெசப்பே 1836-இல் எழுதினார்.

நம் நெஞ்சை வருத்துவது கிரீக் மக்களின் நிலை. 1814-இல் 2 கோடி ஏக்கருக்கும் மேலாக நிலம் பறிகொடுத்தவர்கள் அவர்கள். 1821 ஒப்பந்தத்தில், அவர்களது நிலத்தின் விலையிலிருந்தே 2,50,000 டாலர் வரை ஜார்ஜியரின் கோரிக்கைகளுக்கு ஒதுக்கப்பட்டது. தப்பியோர்க்கு விலை கொடுத்தபின் எஞ்சிய 1,41,000 டாலரும் பண்ணையாருக்கே போயிற்று. எதற்காக? அடிமைகளாகவே இருந்திருந்தால் அத்தாய்மார் ஈன்றிருக்கக்கூடிய பிள்ளைகளுக்கு ஈடாக! பிறவாத குழந்தைக்கும் விலை குறித்த பேராசையை என்னென்பது! பணம் போனபின், 'அவர்கள் எங்கள் உடைமை' என்று கிரீக்குகளில் ஒரு சாரார் உரிமை கொண்டாடினர். கொள்ளையில் பங்கு தருவதாகச் சொல்லிப் படைத்தலைமை அவர்களைப் போருக்கும் அழைத்தது. அடிபட்டவன் கையில் சாட்டையைக் கொடுத்து அடுத்தவனை அடிக்கச் செய்வதே ஆதிக்கத்தின் பழைய தந்திரம்.

நூலில் குறையும் உண்டு. ஆள்வோரின் தாள்களை அடுக்கிக் காட்டும் ஆசிரியர், நாடிழந்தோரின் குரலை அரிதாகவே நம் செவிக்குக் கொணர்கிறார். ஆயினும், 1850-இல் ஜான் ஹார்ஸும் செமினோல் தலைவர் கோவகூச்சியும் தம் மக்களோடு, 1829-இலேயே அடிமை முறையை ஒழித்த மெக்சிகோவுக்குள் நுழைந்த செய்தி, எக்குரலினும் உரக்கப் பேசுகிறது. அது ஓட்டமன்று, உரிமை தேடிய நடை.

ஆள்வோர் ஒரு மக்களுக்கு இடும் பெயரை ஏற்குமுன் கேட்போம்: இப்பெயரால் பயனடைபவர் யார்?