கரிசல் மண்ணில் எண்பது நாள்

கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் தாமதமானால் நான் போனில் திறப்பது ‘80 டேஸ்’. இன்கிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட விளையாட்டு. எழுத்து மெக் ஜெயந்த். இதற்கு மூலமான ஜூல் வெர்ன் நாவலில், எண்பது நாளில் உலகைச் சுற்றக் கிளம்பும் ஃபாக்கைத் துப்பறிவாளர் ஃபிக்ஸ் துரத்துவார். இங்கே துப்புத் துலக்குவது நாம்தான், ஃபாக்கின் வேலைக்காரன் பாஸ்பார்ட்டுவாக. காலம் 1872, எங்கும் நீராவி இயந்திரங்கள். ஆளைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தால்தான் அடுத்த ஊருக்கான வழி வரைபடத்தில் முளைக்கும். யோசித்துக்கொண்டிருந்தாலும் கடிகாரம் நிற்காது. பெட்டியில் எதை வைப்பது, எதை விற்றுக் காசாக்குவது என்று திண்டாடுவது தனிச் சுகம்.

நிஜ 1872-இல் நம்மூருக்கு ரயிலே கிடையாது. மதுரை–தூத்துக்குடிப் பாதை 1876-இல்தான் வந்தது. ஃபாக் இந்தப் பக்கம் வந்திருந்தால் மாட்டுவண்டிதான்!

விளையாட்டு முழுக்க ஆங்கிலம், படிக்கவும் நிறைய. பொறுமை உள்ளவர்கள் காசு கொடுத்தே வாங்கலாம்.