ஜம்பைக் கல்லும் தாவீதின் வீடும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூருக்கு அருகே உள்ள ஊர் ஜம்பை. அங்கே குன்றின் குகைப் பாறையில் ஒரே ஒரு வரி. 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டறிந்த அந்தத் தமிழி எழுத்து, சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி இந்தப் பாளியைக் கொடுத்தான் என்கிறது. பாளி என்றால் துறவியர் தங்கும் குகை. புறநானூற்றில் நாம் அறிந்த மன்னனுக்குக் கல் சாட்சி கிடைத்தது. அசோகர் கல்வெட்டு குறிக்கும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் விடை கிடைத்தது. ஔவைக்கு அவன் நெல்லிக்கனி கொடுத்தானா என்று கேட்டால், அந்த வரியில் பதில் இல்லை.

விவிலியத் தொல்லியலையும் இதே தராசில் நிறுக்கலாம். 1993இல் இஸ்ரேலின் தெல் தானில் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 'தாவீதின் வீடு' என்று ஓர் அரச மரபைச் சொல்கிறது. பொறித்தவன் பகையரசன் என்பதால் சாட்சிக்கு எடை கூடுகிறது. ஆனால் தாவீது வீழ்த்தியதாக விவிலியம் சொல்லும் கோலியாத்து அதில் இல்லை. அசீரிய மன்னன் சனகெரிப்பின் களிமண் பட்டயம், கி.மு. 701இல் யூதாவின் அரசன் எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையாக அடைத்ததாகப் பெருமையடிக்கிறது. நகரைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. நகர் விழவில்லை என்றே விவிலியமும் சொல்கிறது. முற்றுகை இரு தரப்பும் ஒப்பும் செய்தி. அசீரியப் படையைத் தேவதூதன் அழித்தான் என்பது விசுவாசத்தின் கூற்று. அதை எந்த மண்வெட்டியும் தோண்டி எடுக்காது.

சாட்சியின் வயதையும் பார்க்க வேண்டும். திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில், முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்த கதையைச் சொல்கிறது. கபிலருக்குப் பல நூற்றாண்டு பிந்திய கல் அது. சோழர் காலத்தார் அப்படி நம்பினர் என்பதற்கே அது சான்று. இயேசு பிறந்த இடம் என்று பெத்லகேமில் 4ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயத்தின் நிலையும் இதுதான்.

கல் கிடைக்காததே மறுப்பாகிவிடாது. 1981க்கு முன் அஞ்சிக்கும் ஜம்பை இல்லை. யோசுவாவின் முன் மதில் இடிந்து விழுந்ததாக விவிலியம் சொல்லும் எரிகோவின் கதை வேறு. 1950களில் தொல்லியலாளர் காத்லீன் கென்யன் அங்கே அகழ்ந்தார். யோசுவாவின் காலமாகப் பலர் கொள்ளும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில், இடிந்து விழ அங்கே மதிலே இருந்ததாகத் தெரியவில்லை. இது தேடிப் பார்த்தபின் வந்த 'இல்லை'.

ஆகவே விவிலியம் முழுமைக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. அரசர் பெயர், ஊர், போர் ஆகியவற்றைத் தொல்லியல் உறுதிசெய்யும், சில இடங்களில் மறுக்கும். அற்புதங்கள் அதன் வரம்புக்கு வெளியே. அடுத்த முறை 'நிரூபணமாகிவிட்டது' என்று யாராவது சொன்னால், எந்தக் கல், எந்தக் காலம், அதில் உள்ள வரி என்ன என்று கேளுங்கள்.