ஓய்வூதியப் பயணிகளும் அங்கோர் வாட்டும்

பணி ஓய்வுக்குப் பிறகு உலகின் தொன்மைச் சின்னங்களைப் பார்க்கக் கிளம்புவது இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டுகிற ஆசையாகிவிட்டது. நல்ல ஆசைதான், அது நிறைவேறும் விதத்தில்தான் கோணல். ஓய்வு பெற்றவரிடம் இளையவரிடம் இல்லாத செல்வம் ஒன்று உண்டு: அவசரமின்மை. குழுச் சுற்றுலாவில் பெயர் கொடுத்ததும் முதலில் பறிபோவது அதுவே. கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். விடியலில் அங்கோர் வாட், மதியம் தா ப்ரோம், மாலையில் பாயோன், மறுநாள் அடுத்த நாட்டுக்கு விமானம். இது லீவு கிடைக்காத ஊழியருக்காகப் போட்ட அட்டவணை. லீவே கேட்க வேண்டாதவர்கள் இதற்குள் ஏன் அடைபட வேண்டும்?

அங்கோர் தொல்லியல் பூங்கா ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். அதன் கட்டணமே பொறுமைக்குச் சலுகை தருகிறது: 2017-இல் நிர்ணயித்தபடி ஒரு நாளுக்கு 37 டாலர், ஏழு நாளுக்கு 72. அந்த ஏழு நாட்களை ஒரு மாதத்துக்குள் விருப்பம்போல் பிரித்துக்கொள்ளலாம். நாட்கள் கூடும்போது என்ன கிடைக்கிறது என்பதற்கு அங்கோர் வாட்டின் தெற்குத் திருச்சுற்றின் மேற்குப் பகுதிச் சிற்பங்களே சான்று. குடைகளும் விசிறிகளும் சூழ, தாழ்ந்த ஆசனத்தில் இரண்டாம் சூரியவர்மன் அமர்ந்திருக்கிறான், அமைச்சர்கள் பணிந்திருக்கிறார்கள். உருவங்களின் அருகே அவர்கள் யாரென்று கெமர் மொழியில் சிறு சிறு கல்வெட்டுகள். அரை மணி நேரத்தில் கடந்துபோகிறவர் கண்ணில் அவை படுவதில்லை. ‘அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழ் மன்னன்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிப் போய், அதே நம்பிக்கையோடு திரும்புகிறார். 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதை எழுப்பியவன் அந்தச் சூரியவர்மன் என்ற கெமர் அரசன். நமக்கும் கம்போடியாவுக்கும் உண்மையான உறவு இல்லாமலில்லை. காம்போஜ அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பிய செய்தியைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அந்த உறவின் அழகே இரு தரப்பும் தனித்தனி அரசுகளாக நின்றதில் இருக்கிறது. இன்னொருவர் சாதனையை நம் பெயரில் எழுதிக்கொள்ளும் பயணம் அறிவைக் கூட்டாது.

‘கால் வலுவாக இருந்தபோதே போயிருக்க வேண்டும்’ என்பார்கள். இதில் நியாயம் உண்டு. அங்கோர் வாட்டின் உச்சி அடுக்குக்குச் செல்லும் படிகள் செங்குத்தானவை. மாச்சு பிச்சு போகிறவர்கள் வழியில் தங்கும் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அங்கே போகக் கூடாது. ஆகவே ஏற்றமுள்ள இடங்களை ஓய்வின் முதல் சில ஆண்டுகளிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஆனால் இளமையில் போனவர்களுக்கு அந்தச் சிற்பச் சுவர்முன் நிற்க நேரம் இருந்ததா? உச்சிக்கு ஏற முடியாதவருக்கும் சிற்பங்கள் எட்டுகிற உயரத்தில்தான் இருக்கின்றன. ஒரு நாளுக்கு ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டால் முழங்காலும் தாங்கும்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அங்கோருக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரில் சுற்றுலா பெருகப் பெருக, விடுதிகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. மணல் நிரப்பிய அடித்தளத்தின் மேல் நிற்கும் கோவில்களுக்கு நீர்மட்டம் இறங்குவது ஆபத்து என்று வல்லுநர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அதிக நாள் தங்குகிறவர் அதிகத் தண்ணீர் செலவழிக்கத்தானே செய்வார்? ஆம், இதை முழுதாக மறுக்க முடியாது. ஆனால் ஒரே ஊரில் பத்து நாள் இருப்பவர், அதே பத்து நாளில் ஐந்து நாடு சுற்றுகிறவரைவிட மிகக் குறைவாகவே விமானம் ஏறுகிறார். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் சிறு விடுதியில் தங்கினால் நீச்சல்குளத்துக்கான தண்ணீரும் மிச்சம். பள்ளி விடுமுறைக்கும் ஆண்டிறுதி லீவுக்கும் கட்டுப்படாதவர் என்பதால், டிசம்பர் நெரிசலை விட்டு மழைக்காலமான செப்டம்பரில் போகலாம். அகழி நிறைந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். ஈரக்கல் வழுக்கும் என்பதால் நல்ல பிடிப்புள்ள செருப்பு மட்டும் கட்டாயம் வேண்டும்.